அந்த 60 சதவீதத்தில் நம்ம ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்களா?

கேள்வி: பென்னாகரம் பக்கத்து வாசகர், 2024 மார்ச் 3

தம்பி மகனுக்கு 14 வயது, ஒன்பதாவது படிக்கிறான். இடது முழங்காலுக்கு மேலே இரண்டு மாதமாக வீக்கம், ராத்திரியில் வலி. எம்ஆர்ஐ எடுத்ததில் எலும்புக் கட்டி, ஆஸ்டியோசர்கோமாவாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். இங்கே ஒரு நர்சிங்ஹோமில் புதன்கிழமை சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பலாம் என்கிறார்கள். நெட்டில் பார்த்தால் 60, 70 சதவீதம் பேர் பிழைப்பதாகப் போட்டிருக்கிறது. ஊரில் கேட்டால், "எலும்புப் புத்தா? காலையும் எடுத்துட்டு ஆளையும் அனுப்பிருவாங்க, பணத்தைக் கொட்டாதே" என்கிறார்கள். எதை நம்புவது? எங்கள் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம், அதுதான் காரணம் என்றும் சொல்கிறார்கள்.

மார்ச் 3, இரவு 10.15

புதன்கிழமை சதை எடுப்பதை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் பிறகு.

எந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடக்கப்போகிறதோ அங்கேதான் சதையும் எடுக்க வேண்டும். எம்ஆர்ஐ பிலிம், சிடி, எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு அடையாறு, வேலூர் சிஎம்சி, பெங்களூரு கித்வாய், புற்றுநோய் பார்க்கிற இந்தப் பெரிய ஆஸ்பத்திரிகளில் எது தோதோ அங்கே கிளம்புங்கள். பையன் அந்தக் காலை ஊன்ற வேண்டாம். ஊன்றுகோல் வாங்கிக் கொடுங்கள். எலும்பு முறிந்துவிட்டால் வேலை கடினமாகும்.

மார்ச் 4

நேற்று அவசரத்தில் காரணம் சொல்லாமல் விட்டேன். முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். டாக்டர் இல்லை. கிருஷ்ணகிரியில் 31 வருஷம் எக்ஸ்ரே எடுத்தவன், 2019ல் ஓய்வு. என் அக்கா மகனுக்கு 2013ல் இதே நோய், இதே இடம், வலது கால். அப்போது அவனுக்கு 15. இப்போது 26, காவேரிப்பட்டணத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறான்.

சதை எடுக்கக் கத்தியோ ஊசியோ போன வழி முழுக்கக் கட்டியின் செல்கள் சிந்தும். ஆபரேஷன் செய்கிறவர் அந்த வழியையும் கட்டியோடு சேர்த்து வெட்டி எடுத்தாக வேண்டும். அதனால் எங்கே குத்துவது என்று பின்னால் வெட்டப்போகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். அக்கா மகனுக்கு ஒரு நர்சிங்ஹோமில் (பெயர் வேண்டாம்) தொடையின் குறுக்கே மூன்று அங்குலத்துக்குக் கிழித்தார்கள். ரத்தம் வடிய இன்னொரு பக்கத்தில் ஒரு குழாய் வேறு. சென்னையில் சர்ஜன் அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "இது யார் போட்டது?" என்று மட்டும் கேட்டார். நேராக வந்திருந்தால் காலைக் காப்பாற்றப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்திருக்கும் என்றார் பிறகு.

இது நம்ம ஊர்க் குறை மட்டும் இல்லை. அமெரிக்காவில் மான்கின் என்ற எலும்பு சர்ஜன் 1982ல் இதைக் கணக்கெடுத்தார். வெளியிடத்தில் சதை எடுத்துவிட்டு வந்தவர்களிடம் தவறும் சிக்கலும் பல மடங்கு அதிகம் என்று வந்தது. 1996ல் மறுபடி எண்ணிப் பார்த்தார். 14 வருஷத்தில் ஒன்றும் திருந்தவில்லை.

மார்ச் 5

புதன்கிழமை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது. நர்சிங்ஹோம்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இப்போது அந்த 60 சதவீதம். 1970களுக்கு முன்னால் காலை மட்டும் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நூற்றில் பத்து, இருபது பேர் பிழைத்தார்கள், மற்றவர்களுக்கு ஓரிரு வருஷத்தில் நுரையீரலில் வந்தது. கால் எடுத்த அன்றே நுரையீரலில் விதை விழுந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது அந்தக் காலத்துக் கணக்கு. அந்தக் காலத்துக்கு அது சரிதான்.

கீமோ வந்த பிறகும் சந்தேகம் தீரவில்லை. ஆபரேஷன் மட்டும் ஒரு பாதிக்கு, ஆபரேஷனோடு கீமோ இன்னொரு பாதிக்கு என்று சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 1986ல் முடிவு வெளியானது. இரண்டு வருஷத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் கீமோ இல்லாத பக்கம் 17 சதவீதம், கீமோ பக்கம் 66. அதோடு வாக்குவாதம் ஓய்ந்தது.

ஆக 60, 70 என்பது யாருடைய கணக்கு என்றால், முதல் நாளில் நுரையீரல் சுத்தமாக இருந்து, கட்டியை முழுசாக எடுத்து, கீமோவையும் கடைசி வரை போட்டுக்கொண்டவர்கள் ஐந்து வருஷம் கழித்து இருப்பது. வரும்போதே நுரையீரலில் பரவியிருந்தால் 20, 30 என்று இறங்கிவிடும். அப்படி வருகிறவர்கள் ஐந்தில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவு.

என் தொழில் புத்தியில் ஒன்று சொல்கிறேன். 'நுரையீரல் சுத்தம்' என்று எதை வைத்துச் சொன்னார்கள் என்று கேளுங்கள். மார்பு எக்ஸ்ரேயில் மிளகு அளவுப் புள்ளி தெரியாது. விலா எலும்புக்குப் பின்னாலோ இதயத்துக்குப் பின்னாலோ ஒளிந்துகொண்டால் சுண்டைக்காய் அளவுகூடத் தப்பும். சிடி ஸ்கேன்தான் காட்டும். சிடி இல்லாத ஊரில் பரவிய பிள்ளையும் பரவாத பட்டியலில் ஏறிவிடும். கடைசியில் அந்த ஊரின் சதவீதம் குறைந்து நிற்கும், 'அங்கே வைத்தியம் சரியில்லை' என்பார்கள். பாதித் தப்பு மருந்தில் இல்லை, முதல் நாள் படத்தில் இருக்கிறது.

மார்ச் 5, இரவு

ரத்த ரிப்போர்ட்டில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்று ஒன்று சிவப்பு மையில் வந்ததைப் பார்த்துப் பயந்து போட்டோ அனுப்பியிருக்கிறீர்கள். அது கூடுதலாக இருந்தால் நோயின் போக்கு மோசம் என்பது உண்மை, எல்டிஎச் என்ற இன்னொரு ரத்த அளவும் அப்படியே. ஆனால் லேப்காரர் பக்கத்தில் அச்சடித்திருப்பது பெரியவர்களுக்கான அளவு. வளரும் பையனுக்கு எலும்பு நீள்வதாலேயே அது இரண்டு மூன்று மடங்கு இருக்கும். உங்கள் பையனுடையது அதற்குள்தான் இருக்கிறது. படுத்துத் தூங்குங்கள்.

மார்ச் 9

புளோரைடு விஷயத்துக்கு வருகிறேன், நிறைய பேர் கேட்கிறார்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி ஆள்களின் பல்லைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கேலி உண்டு. அந்தப் பழுப்புக் கறைக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் (புளோரைடால் பல்லும் எலும்பும் கெடுவது) என்ற சொல்லும் சேர்ந்தது. 2013ல் தண்ணீர் வந்தது. பழைய எக்ஸ்ரேக்களில் நானே பார்த்திருக்கிறேன். முதுகெலும்பு சுண்ணாம்பு பூசின சுவர் மாதிரி வெளுத்து, தசைநார்கூட எலும்பாகி நிற்கும்.

அதுவே புற்றாக மாறுமா? 1990ல் அமெரிக்க அரசு எலிகளுக்குப் புளோரைடு கொடுத்துப் பார்த்ததில் சில ஆண் எலிகளுக்கு எலும்புக் கட்டி வந்தது, திட்டமாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. 2006ல் ஹார்வர்டு ஆய்வு ஒன்று, சின்ன வயதில் புளோரைடு தண்ணீர் குடித்த பையன்களிடம் தொடர்பு இருக்கலாம் என்றது. பெரிய பரபரப்பு. 2011ல் எலும்பையே வெட்டி எடுத்து அதிலிருந்த புளோரைடை அளந்தார்கள். ஆஸ்டியோசர்கோமாக்காரர்களுக்கும் வேறு எலும்புப் புற்று வந்தவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. நான் கடைசியதைத்தான் நம்புகிறேன், தண்ணீரைக் கேட்டுச் சொன்னதைவிட எலும்பை அளந்தது மேல்.

புளோரைடின் கெடுதல் வேறு விதம். நம்ம பக்கத்தில் யாருக்கு மூட்டு வலித்தாலும் "தண்ணி சரியில்ல" என்று ஒரு பதில் ரெடியாக இருக்கிறது. பிள்ளை நொண்டினாலும் அதே பதில். அந்த வலி பெரும்பாலும் வயதானவர்களுக்கு, இரண்டு பக்கமும், விறைப்பாக வரும். ஒரே கால், ஒரே இடம், ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற வலி, கையால் தொட்டால் தெரிகிற வீக்கம் என்றால் தண்ணீரைத் திட்டிக்கொண்டு உட்காராமல் ஒரு எக்ஸ்ரே எடுங்கள். இரண்டு கோணத்தில் எடுங்கள். (பழைய பழக்கம், சொல்லாமல் விட முடியவில்லை.)

பந்து பட்டதால் வந்ததா என்று இன்னொருவர். இல்லை. பந்து பட்டதால் அங்கே கை வைத்துப் பார்த்திருப்பீர்கள், அவ்வளவுதான். எலும்பு வேகமாக நீளும் வயதில், நீளும் முனையில் வருகிற நோய் இது. அதனால்தான் முழங்காலைச் சுற்றியே அதிகம்.

மார்ச் 10

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அக்கா மகன் வாலிபால் ஆடுவான். 2013 ஜனவரியில் முழங்கால் வலி என்றான். நான் எக்ஸ்ரே ரூமில் உட்கார்ந்திருக்கிறவன். கூட்டி வந்து ஒரு பிலிம் எடுத்திருக்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. "வளர்ற வயசுடா, வலிக்கத்தான் செய்யும்" என்றேன். அக்கா ஒரு கட்டு வைத்தியரிடம் கூட்டிப்போனாள். அவர் எண்ணெய் போட்டு நீவி, மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டினார். வாரம் ஒரு தரம் அவிழ்த்து நீவல். ஏப்ரலில் பார்த்தபோது கால் பெங்களூரா மாங்காய் மாதிரி புடைத்திருந்தது. பிலிமை டெவலப்பரிலிருந்து எடுத்து விளக்கில் பிடித்தேன். சூரியக் கதிர் மாதிரி எலும்பு வெளியே சிலிர்த்துக்கொண்டு நின்றது. 31 வருஷத்தில் அந்தப் படத்தை ஆறேழு தரம் பார்த்திருக்கிறேன். எல்லாம் பிறத்தியார் பிள்ளைகள்.

மூன்று மாதத் தாமதம். கட்டி 11 சென்டிமீட்டர், 8க்கு மேல் போனாலே பெரிய கட்டி என்று கணக்கு. காரணம் நான். அதனால் எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள், இந்த நோயில் ஆளைத் தீர்ப்பது தாமதம்.

மார்ச் 16

மேலே எழுதிய கடைசி வரியைத் திருத்துகிறேன். அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

அதைப் படித்துவிட்டு ஊத்தங்கரைப் பக்கத்து அம்மா ஒருவர், மகளை இழந்தவர், "அப்போ நாங்கதான் கொன்னோமா?" என்று கேட்டு எழுதியிருந்தார். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் 2014ல் சென்னை டாக்டர் என்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. நானும் அவரிடம் இதையேதான் அழுதுகொண்டு சொன்னேன்.

அவர் சொன்னது இது. வலி தொடங்கிய நாளிலிருந்து வைத்தியம் தொடங்கிய நாள் வரை எண்ணி, பிழைத்தவர்களையும் பிழைக்காதவர்களையும் பல ஊர்களில் ஒப்பிட்டிருக்கிறார்கள். நேர்க்கோடாக வருவதில்லை. சில இடத்தில் தலைகீழாகக்கூட வருகிறது, சீக்கிரம் வந்தவர்கள் மோசமாகப் போகிறார்கள். ஏனென்றால் கொடூரமாக வளர்கிற கட்டி மூன்றே வாரத்தில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் துரத்திவிடும். மந்தமான கட்டி ஆறு மாதம் சும்மா இருக்கும். நாள்களை மட்டும் எண்ணினால் கட்டியின் குணம் அதில் ஒளிந்துகொள்கிறது.

இதைச் சாக்காக வைத்துத் தாமதிக்கலாம் என்று அர்த்தமில்லை. கட்டி பெரிதானால் காலைக் காப்பாற்றுவது கடினமாகும், பரவ வாய்ப்பு கூடும். நீவி விடுவது தனிக் கெடுதல். தைவானில் நீவல் வைத்தியம் பார்த்துவிட்டு வந்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்ததில், பரவலும் சாவும் அவர்களிடம்தான் அதிகம். ஆனால் 'மூன்று மாதம் விட்டீர்கள், அதனால் செத்தாள்' என்று ஒரு தாயிடம் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. எனக்கும்தான். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

மார்ச் 17

ஒரு சின்னக் கணக்கு. இந்த நோய் பத்து லட்சம் பேருக்கு வருஷத்தில் மூன்று நான்கு பேருக்குத்தான் வரும். 2011 கணக்குப்படி தருமபுரியில் 15 லட்சம், கிருஷ்ணகிரியில் கிட்டத்தட்ட 19 லட்சம். இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து வருஷத்துக்குப் பத்திலிருந்து பதினாலு பேருக்குள்தான். ஊர் டாக்டர் ஒருவர் வாழ்நாளில் ஒன்றிரண்டு பார்ப்பார். அவர் முதல் தடவை சுளுக்கு என்று மாத்திரை கொடுத்தால் அவரைக் கல்லால் அடிக்க வேண்டியதில்லை. இரண்டாம் தடவையும் எக்ஸ்ரே எழுதாமல் மாத்திரை கொடுத்தால் கல்லைத் தேடலாம்.

மார்ச் 23

சிடியில் நுரையீரல் சுத்தம் என்று வந்திருக்கிறது! சதையும் அங்கேயே ஊசியில் எடுத்தாயிற்று. நிம்மதி.

கீமோ பற்றிக் கேட்டிருந்தீர்கள். 'வெளிநாட்டில் மெத்தோட்ரெக்சேட் கொடுக்கிறார்களாமே, இங்கே கொடுக்கவில்லையே, மட்டமான வைத்தியமா?' என்று. அந்த மருந்தை இதற்குச் சதுர மீட்டருக்கு 12 கிராம் கொடுப்பார்கள், மலை மாதிரி அளவு. கொடுத்த மறுநாளிலிருந்து ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் என்று தினமும் அளந்து, இறங்கும் வரை அதன் விஷத்தை முறிக்கிற மருந்தைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அளக்கிற மிஷின் இல்லாத இடத்தில் கொடுத்தால் நோய்க்கு முன்னால் மருந்து கொன்றுவிடும். அதனால் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் அது இல்லாமலேயே டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின், ஐபாஸ்பமைடு மூன்றை வைத்து ஓஜிஎஸ்-12 என்று ஒரு முறை வகுத்தார்கள். அதன் முடிவுகள் வெளிநாட்டுக் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படிதான் இருக்கின்றன. மட்டம் என்று நினைக்காதீர்கள், நம்ம கையில் இருக்கிற சாமானுக்கு ஏற்ற சமையல்.

ஆபரேஷனுக்கு முன்னாலேயே ஏன் கீமோ என்பதற்கு ஒரு கதை உண்டு. நியூயார்க்கில் 70களில் காலுக்குள் வைக்கும் உலோக எலும்பை ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துச் செய்ய மாதக்கணக்கில் ஆனது. அதுவரை பிள்ளையைச் சும்மா வைத்திருக்க வேண்டாமே என்று கீமோவைத் தொடங்கினார்கள். பிறகு வெட்டி எடுத்த கட்டியைப் பார்த்தால் ஒருவருக்குப் பெரும்பகுதி செத்திருக்கிறது, இன்னொருவருக்கு அப்படியே இருக்கிறது. 90 சதவீதத்துக்கு மேல் செத்திருந்தால் நல்ல அறிகுறி என்று அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். கொல்லன் பட்டறைத் தாமதத்தில் பிறந்த விஞ்ஞானம்.

ஆபரேஷன் முடிந்ததும் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கட்டியை நீளவாக்கில் பலகை மாதிரி அறுத்து, கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் வரும். ஒரு துண்டை மட்டும் பார்த்துவிட்டு 'செத்த செல்கள் உள்ளன' என்று எழுதித் தந்தால் அது பதில் இல்லை. எங்களுக்கு 70 என்று வந்தது. அக்கா பரீட்சை மார்க் மாதிரி சந்தோஷப்பட்டாள். நான் சொல்லவில்லை.

குறைவாக வந்தால் மருந்தைக் கூட்டலாமே என்று தோன்றும். 17 நாடுகள் சேர்ந்து 2,260 பேரை வைத்து யூராமோஸ் என்று பெரிய ஆய்வு நடத்தினார்கள். மருந்தைக் கூட்டியவர்களுக்கு உபத்திரவம்தான் கூடியது, ஆயுள் கூடவில்லை. 2016ல் இதைப் படித்தபோது எனக்கு ஒரு பாரம் இறங்கியது. எங்களிடம் கூட்டிப்போடப் பணம் இல்லையே என்று மூன்று வருஷம் மருகிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 24

'புற்றுநோயாளிக்கு ரயிலில் படுக்கை வசதிப் பெட்டியில் டிக்கெட் இலவசம், கூட வருகிறவருக்கும் சலுகை' என்று ஒரு நண்பர் தகவல் போட்டிருக்கிறார். உண்மை, ஆஸ்பத்திரியில் படிவம் தருவார்கள். கிருஷ்ணகிரிக்காரர்கள் முதலில் ரயிலைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஜோலார்பேட்டை போய் ஏறுவதற்குள் பஸ்ஸில் பாதி மெட்ராஸ் வந்துவிடும்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. கீமோவில் முதல் சைக்கிள் (முதல் சுற்று) முடிந்து பையனுக்கு முடி கொட்டுகிறது, சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முட்டை, மீன், களி, எது இறங்குகிறதோ கொடுங்கள். 'சர்க்கரை ஆகாது, முட்டை சூடு' என்று வருகிற உறவினர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். எடை இறங்கினால் அடுத்த சைக்கிள் தள்ளிப்போகும். காய்ச்சல் 100.4ஐத் தொட்டால் ராத்திரி ஆனாலும் வண்டி பிடியுங்கள், காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

இன்று வேறு ஒன்று எழுத வேண்டும்.

2013ல் அக்கா மகனுக்குப் பக்கத்துக் கட்டிலில் அரூர்ப் பக்கத்துப் பெண் பிள்ளை ஒன்று, 13 வயது. கட்டி சின்னது, முழங்காலுக்குக் கீழே. நுரையீரல் சுத்தம். ரத்த அளவுகள் சரி. டாக்டர்கள் போடுகிற பட்டியலில் எதை எடுத்தாலும் அவளுக்குச் சாதகம், எங்களுக்குப் பாதகம். இரண்டு சைக்கிளில் அவளுக்கு வீக்கம் வற்றி வலி நின்றது. எழுந்து நடந்து வார்டு முழுக்கச் சுற்றினாள். அவள் அப்பா தக்காளிக் காட்டுக்காரர். என்னிடம் வந்து, "கட்டி கரைஞ்சிருச்சுங்க, இனி எதுக்குக் காலை வெட்டறது? ஒத்தைக் காலோட பொம்பளப் புள்ளைய யார் கட்டுவா?" என்றார். நான் என்னமோ சொன்னேன். அவர் காதில் விழவில்லை. ஆபரேஷன் தேதிக்கு முந்தின நாள் கட்டில் காலி.

ஐந்து மாதம் கழித்து இருமலோடு வந்தாள். அதற்கு மேல் எழுதவில்லை.

இந்த இழையில் இதுவரை அளவு, இடம், ரத்தம், நுரையீரல், செத்த செல் என்று அடுக்கினேன். இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் வந்தால் மோசம், 40 வயதுக்கு மேல் மோசம் என்று இன்னும் இரண்டு சேர்க்கலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் பணக்கார நாட்டுப் பட்டியலில் ஒரு வரி இருக்காது, அங்கே அதற்குத் தேவையே வருவதில்லை: அடுத்த தேதிக்கு வருவார்களா? நம்ம ஊரில் அதைத்தான் முதல் வரியாகப் போடுவேன். முன்னால் போன மூன்று மாதத்துக்காக நான் பத்து வருஷம் அழுதேன். அவள் போனது பின்னால் விட்ட ஐந்து மாதத்தில்.

அந்தப் பெண்ணின் அப்பாவைக் கெட்டவர் என்று நினைக்க மாட்டேன். காப்பீட்டு அட்டை இருந்தது, மருந்துக்கும் ஆபரேஷனுக்கும் பணம் கட்டவில்லை. ஆனால் அட்டை பஸ்ஸுக்குக் கொடுக்காது. சென்னையில் ரூம் வாடகைக்குக் கொடுக்காது. காட்டில் தக்காளி அழுகினால் கொடுக்காது. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள், ஒரு கிழவி. கீமோவுக்கு 21 நாளுக்கு ஒரு தரம் என்று கணக்கு, தக்காளிக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

நாங்கள் எப்படி முடித்தோம்? வீரம் ஒன்றும் இல்லை. அக்காவின் மாமியார் இரண்டு மாட்டை விற்றார். மாமா மாந்தோப்புக் குத்தகையை விட்டார், ஜூன் மாதம் மண்டிக்குப் போகாமல் வார்டில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒரு நர்ஸ். ஒவ்வொரு தேதிக்கும் முந்தின நாள் போன் செய்து, "நாளைக்கு வர்றீங்கதானே?" என்பார். அவருக்குப் பொய் சொல்லக் கூச்சப்பட்டே இரண்டு தரம் கிளம்பினோம். டாடாவில் குழந்தைகள் பிரிவில் இந்தப் போன், தங்குமிடம், பணம் எல்லாவற்றையும் பார்க்கவென்றே ஆள் போட்ட பிறகு பாதியில் விடுகிறவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். புது மருந்து எதுவும் இல்லை, ஒரு போன்.

ஏப்ரல் 28

காலை எடுத்தால் பிழைப்பது நிச்சயமா, காலை வைத்துக்கொண்டால் ஆபத்தா என்று தம்பி கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஓரம் வரை சுத்தமாக எடுக்க முடிந்தால் இரண்டுக்கும் ஆயுளில் வித்தியாசம் இல்லை. 80களிலிருந்து இதை ஒப்பிட்டிருக்கிறார்கள். ரத்தக் குழாயைக் கட்டி சுற்றிக்கொண்டாலோ, தப்பான இடத்தில் சதை எடுத்திருந்தாலோதான் எடுக்கச் சொல்வார்கள்.

வைத்துக்கொள்வதில் வழிகள் பல. உலோக எலும்பு ஒன்று. சென்னையில் எலும்பு சர்ஜன் மயில்வாகனன் நடராஜன் இங்கேயே செய்து வைத்துக் காட்டி, 2007ல் பத்மஸ்ரீ வாங்கினார். எலும்பையே வெட்டி எடுத்து, வெளியில் வைத்துக் கதிர்வீச்சு கொடுத்துக் கட்டியைக் கொன்று, அதே எலும்பைத் திருப்பி வைப்பது இன்னொன்று. செலவு குறைவு. மூன்றாவது ஒன்று, கேட்டால் பயப்படுவீர்கள்: முழங்கால் பகுதியை எடுத்துவிட்டு, கீழ்க்காலைத் திருப்பி மேலே ஒட்டுவார்கள். குதிகால் முன்னால் வரும், கணுக்கால்தான் முழங்கால். கட்டைக்கால் மாட்டினால் ஓடலாம், சைக்கிள் மிதிக்கலாம். பார்க்கத்தான் ஒரு மாதிரி இருக்கும், ஊர் பேசும். தனி ஆளாக எனக்கு அது பிடித்த வழி.

அக்கா மகனுக்குத் தொடையோடு போயிற்று. ஜெய்ப்பூர்க் காலில் தொடங்கினான், இப்போது வேறு. செருப்பு வாங்கும்போதெல்லாம், "அண்ணா, இடது கால் மட்டும் பாதி விலைக்குத் தருவீங்களா?" என்பான். ஒரு கடைக்காரர் உண்மையாகவே யோசித்தார்.

மே 19

அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு வருஷாந்திர செக்கப். எழுதாமல் விட்ட ஒன்று: 2015ல் அவனுக்கு நுரையீரலில் இரண்டு புள்ளி வந்தது. அன்று எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். முழுசாக வெட்டி எடுக்க முடிகிற புள்ளிகள் என்றால் எடுத்துவிட்டால் மூன்றில் ஒருவர் பிழைக்கிறார் என்றார் டாக்டர். எடுத்தார்கள். ஒன்பது வருஷம் ஆகிறது. இரண்டு வருஷமாக, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் சிடிக்கு அலைந்ததால்தான் சின்னதாக இருக்கும்போது கிடைத்தது. சிகிச்சை முடிந்தது என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் மூச்சு முட்டும்போதுதான் தெரிந்திருக்கும்.

சிஸ்பிளாட்டின் அவன் காதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. சிள்வண்டுச் சத்தம் கேட்காது. அவன் அம்மா கூப்பிட்டாலும் கேட்காது என்கிறான், அது மருந்தால் அல்ல.

ஜூன் 2

மூன்றாவது சைக்கிள் மாங்காய் சீசனில் விழுகிறது, தம்பி பாலக்கோடு மண்டி வேலையை விட்டுவிட்டு வரத் தயங்குகிறார், ஒரு வாரம் தள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தள்ள வேண்டாம். தம்பி மண்டிக்கே போகட்டும். அக்கா மகனுக்கு சென்னையில் மொபைல் சாமான் எடுக்கிற வேலை இருக்கிறதாம், இல்லாவிட்டாலும் உண்டாக்கிக்கொள்வான். செவ்வாய்க்கிழமை ராத்திரி 9.30க்கு தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நிற்பான். ஒரு கால் பேன்டை மடித்து விட்டிருப்பான், அடையாளம் தெரியும். பையனையும் அவன் அம்மாவையும் அங்கே கொண்டுவந்து விடுங்கள். பிலிம் பையை மறக்காதீர்கள்.